மெட்டல் கிட்டார் சத்தம் சரியாக வரவில்லையா? எங்கே கோளாறு என்று பார்ப்போம்

ஹெவி மெட்டல் இசை வாசிக்கும் ஆசையில் ஒரு டிஸ்டார்ஷன் பெடலோ (சத்தத்தைச் சிதைத்துக் கரடாக்கும் பெட்டி) சின்ன ஆம்போ வாங்கி, முதல் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்பு) அடித்தவுடன் பலருக்கும் மிஞ்சுவது ஏமாற்றம்தான். கேட்டுப் பழகிய பாட்டில் இருக்கும் இறுக்கம் வருவதில்லை. கொழகொழவென்று ஏதோ ஓடுகிறது, இல்லையென்றால் இரைச்சல் காதைத் துளைக்கிறது. உடனே அடுத்த பெடலைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு புதுப் பெடலால் தீருகிற இடத்தில் இருப்பதில்லை. கம்பியின் தடிமனிலோ, ஒரு குமிழின் நிலையிலோ, சுவரில் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டரிலோ இருக்கும்.

அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு, ஒரே கேபிளில் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகி, கிளீன் சேனலில் வாசித்துப் பாருங்கள். அங்கேயே குறை கேட்டால் அது கிட்டாரிலோ கேபிளிலோ கையிலோ இருக்கிறது. கிளீனில் சுத்தமாக இருந்து டிஸ்டார்ஷன் போட்டதும் கெட்டால், பெடல், ஆம்ப், கரண்ட் பக்கம் தேடலாம். டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தின் தலையை வெட்டிவிட்டு, சின்னச் சத்தத்தை மேலே தூக்கிவிடுகிறது. கிளீனில் காதுக்கே எட்டாத உரசல்கூட அங்கே முழு உருவத்தில் வந்து நிற்கும்.

பாம் மியூட் இறுக்கமாக விழவில்லை, கொழகொழவென்று இருக்கிறது

உள்ளங்கையால் கம்பியைப் பாதி அடக்கியபடி அடிப்பதுதான் பாம் மியூட். வலது கையிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கையின் ஓரம், கம்பி சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) விட்டுக் கிளம்புகிற இடத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் முன்னே நகர்ந்தால் சுருதியே இல்லாமல் ‘தொப்’ என்று செத்துப்போகும். பின்னே நகர்ந்தால் கம்பி அடங்காது. கிளீனில் மெதுவாக அடித்து, ‘ஜக்’ என்று அடித்தொனியோடு வந்து நிற்கிற இடத்தைக் கை தானே கண்டுபிடிக்கட்டும். பிக் மெல்லியதாக இருந்தால் அது வளைந்து நிமிர்வதற்குள் தாளம் தள்ளிப்போகும். 1 மி.மீ.க்குக் குறையாத பிக் எடுங்கள். மெட்டல் வாசிப்பவர்கள் பலர் கையில் பார்க்கும் டன்லப் ஜாஸ் 3 பிக்கின் தடிமன் 1.38 மி.மீ.

அப்புறம் பிக்கப் சுவிட்ச். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்தான் பிக்கப். ரிஃப் வாசிக்கும்போது பிரிட்ஜ் பிக்கப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நெக் பிக்கப்பில் பேஸ் அதிகம். டிஸ்டார்ஷனுக்குள் அது போனால் தெளிவு போய்விடும்.

அடுத்தது கெயின், அதாவது டிஸ்டார்ஷன் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் குமிழ். மெட்டல் என்றால் கெயின் குமிழ் கடைசிவரை போக வேண்டும் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அதைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். முதலில் சத்தம் மெலிந்தது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுவது கேட்கும். ஆல்பங்களில் நாம் கேட்கும் அந்தக் கனம் ஒரு கிட்டாரின் கனம் அல்ல. ஒரே ரிஃபை இரண்டு முறை, சில சமயம் நான்கு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவுசெய்து, இடமும் வலமுமாகப் பிரித்துவைத்து, அடியில் பேஸ் கிட்டாரைச் சேர்த்தபின் வரும் கனம் அது. அதை ஒரே ஆம்பில் கெயினைக் கூட்டிப் பிடிக்கப் பார்த்தால் கொழகொழப்புதான் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் இறுக்கம் வரவில்லை என்றால், டிஸ்டார்ஷனுக்கு முன்பே பேஸைக் குறைக்க வேண்டும். இங்கேதான் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெட்டி வருகிறது. ப்ளூஸ்காரர்களின் பெடல் என்று பெயர் எடுத்த இது மெட்டல்காரர்களின் பெடல்போர்டிலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் சர்க்யூட், 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக சத்தத்தைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டு, நடுப்பகுதியை முன்னே தள்ளுகிறது. டிரைவ் குமிழை ஏறக்குறைய பூஜ்யத்தில் வையுங்கள், லெவலை நன்றாக ஏற்றுங்கள், டோன் நடுவில் இருக்கட்டும். இதை ஆம்பின் டிஸ்டார்ஷன் சேனலுக்கு முன்னால் வைத்து, ஆம்பின் கெயினை இன்னும் ஒரு புள்ளி குறையுங்கள். ‘ஜக் ஜக்’ என்று வெட்டிக்கொண்டு விழும். இதே சர்க்யூட்டில் வரும் மலிவான பெடல்களும் இந்த வேலையைச் செய்யும். ஆம்பிலேயே எஃபெக்ட்ஸ் இருந்தால் ஓவர்டிரைவ் பகுதியில் பச்சை நிறப் படத்தோடு ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதையே போடலாம். இழந்த பேஸை டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, ஆம்பின் பேஸ் குமிழில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்.

ட்யூனிங்கை இறக்கினால் கம்பி தொய்கிறது, அடிக்கும்போது சுருதி ஏறி இறங்குகிறது

இது பெடல் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, முழுக்க முழுக்கக் கம்பியின் கணக்கு. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடிக்கம்பி வழக்கமான ஈ சுருதியில் 82.4 ஹெர்ட்ஸ். அதை சி வரை இறக்கும் ட்ராப் சி ட்யூனிங்கில் 65.4 ஹெர்ட்ஸ். விகிதத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள், இழுவிசை 63 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. 46 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கு) உள்ள கம்பி, 25.5 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) கிட்டாரில், ஈ-யில் சுமார் 17 பவுண்டு விசையில் நிற்கும். சி-யில் அது 11 பவுண்டுதான். அவ்வளவு தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் முதல் நொடியில் சுருதி மேலே போய்த்தான் கீழே இறங்கும். ட்யூனரில் முள் அலைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பழைய இறுக்கமே வேண்டும் என்றால் சி-க்கு அடிக்கம்பி 56 முதல் 58 வரை தேவை. ட்ராப் டி-யோடு (அடிக்கம்பியை டி வரை மட்டும் இறக்குவது) நிற்பவர்களுக்கு 10-இல் தொடங்கி 52-இல் முடியும் செட் போதும். ட்ராப் சி-க்கு 11–56 அல்லது 12–60. கிட்டாரின் ஸ்கேல் நீளமும் கணக்கில் வரும். ஃபெண்டர் வகையின் 25.5 அங்குலத்தில், கிப்சன் வகையின் 24.75 அங்குலத்தைவிட அதே கம்பிக்கு அதே சுருதியில் 6 சதவீதம் இழுவிசை கூடுதல். 27 அங்குல பாரிடோன் கிட்டாரில் இன்னும் 12 சதவீதம் கூடும். பி, ஏ என்று கீழே போக விரும்புகிறவர்கள் நீளமான ஸ்கேலைத் தேடுவது இதனால்தான்.

இந்த இசையே தொய்ந்த கம்பியில்தான் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி, 1965இல் 17 வயதில், இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். நுனிகளுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைக் கட்டி, பின்னாளில் மூன்று அரைச்சுருதி இறக்கி வாசித்தார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் 1971 ஆல்பத்தில் கேட்கும் அந்த அடர்த்தி அப்படி வந்தது. ஆனால் அது மெதுவான ரிஃப்களுக்கு ஏற்ற தொய்வு. வேகமாக வெட்டி வாசிக்கும் த்ராஷ், டெத் மெட்டலுக்கு அந்தத் தொய்வு ஒத்துவராது.

தடித்த கம்பி போட்டவுடன் வேறு மூன்று விஷயங்களும் கூடவே மாறும். நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு) உள்ள பள்ளம் சிறியதாக இருந்தால் கம்பி உள்ளே இறங்காமல் மேலே நிற்கும், ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று சிக்கிச் சிக்கிப் போகும். பள்ளத்தை அரத்தால் விரிக்க வேண்டும், அதைக் கிட்டார் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். லேசான சிக்கலுக்குப் பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தாலே போதும். இரண்டாவது, மொத்த இழுவிசை மாறியதால் நெக் வளையும். அடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7ஆவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவு வெளிச்சம் தெரிந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மூன்றாவது, ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜாக இருந்தால் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளையும் சரிசெய்தாக வேண்டும். ட்யூனிங்கை அடிக்கடி மாற்றுவேன் என்பவர்களுக்கு அந்த பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

வாசிக்காமல் நிறுத்தினாலும் இரைச்சல் நிற்பதில்லை

எந்த மாதிரி இரைச்சல் என்று முதலில் காதால் பிரியுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் கெயின் அதிகமானதால் வருவது. கெயினைக் குறைத்தால் குறையும். ‘ம்ம்ம்’ என்று அடியில் முனகுவது மின்சாரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அடிக்கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஆகவே கேட்கும் முனகல் அந்த ஜி-யோடோ அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயோ ஒட்டிப் போனால் அது கரண்ட்தான், சந்தேகம் வேண்டாம்.

ஆம்பைப் பார்த்து நின்றபடி, கிட்டாரோடு மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்புங்கள். ஒரு திசையில் முனகல் கூடி, இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால், பிக்கப் காற்றிலிருந்து அதைப் பிடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது தவிர்க்க முடியாத குணம். கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்காகவே வந்தது. எதிரெதிர் திசையில் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் காந்த முனைகள். கம்பியின் சத்தம் இரண்டிலும் கூடிக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மெட்டலுக்குப் பிரிட்ஜில் ஹம்பக்கர் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்கு அதன் தடித்த தொனி ஒரு காரணம், இந்த அமைதி இன்னொரு காரணம்.

‘ட்ர்ர்ர்’ என்று சொரசொரப்பாக வருகிறதா? தலைக்கு மேலே பாருங்கள். குமிழைத் திருப்பத் திருப்பச் சீராக வேகம் மாறும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மின்னலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு ஒவ்வொன்றும் ஒரு துடிப்பாக பிக்கப்பில் விழுகிறது. ஃபேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. டக் டக்கென்று படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டினால் போதும், புதுப் பிக்கப்பைவிடச் செலவு மிகக் குறைவு. டிம்மர் விளக்கு, மலிவான எல்இடி பல்ப், போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றையும் இதே மாதிரி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் உடம்பு பிடிக்கும் இரைச்சலைக் கம்பி எர்த்துக்கு இழுத்துக்கொள்கிறது. கிட்டாரின் உட்குழியில் செப்பு டேப் ஒட்டி, அதை எர்த் வயரோடு இணைத்தால் இன்னும் குறையும். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம். இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) உள்ள கிட்டாரில் அந்த வயர் இல்லாமலே இருக்கும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

பெடல்கள் சேர்ந்ததும்தான் இரைச்சல் வருகிறது என்றால், ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகப் பிரியும் வயரைச் சந்தேகப்படுங்கள். ஒரு பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அமைதியானால், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேட்டட் பவர் சப்ளை தேவை. டிஜிட்டல் பெடலும் அனலாக் பெடலும் ஒரே வயரில் ஓடும்போது இது ரொம்பவே தெரியும்.

எர்த் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முனகல் போகட்டும் என்று ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பவர்களும், இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகுபவர்களும் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஆம்புக்குள் பழுது ஏற்பட்டால் 230 வோல்ட் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும், மைக்கில் உதடு பட்டால் நெஞ்சு வழியாகப் போகும். கம்பியைப் பிடித்தபடி மைக்கையோ வேறு ஆம்பையோ தொடும்போது சுரீரென்றால் அந்த நிமிடமே வாசிப்பை நிறுத்தி, மெயினை அணைத்து, அந்த இடத்தின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. மேடை ஏறும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

நாய்ஸ் கேட் வைத்தும் இரைச்சல் போகவில்லை, அல்லது சுரம் பாதியில் அறுந்துபோகிறது

வாசிக்காதபோது சத்தத்தை அடைத்துவிடும் பெடல்தான் நாய்ஸ் கேட். வைத்த இடம்தான் தப்பு. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்த கேட், ஆம்பின் ப்ரீஆம்பில் (டிஸ்டார்ஷன் உருவாகும் முதல் பகுதி) பிறக்கும் சீறலைத் தொடவே முடியாது. பாஸ் என்எஸ்-2 மாதிரி நான்கு ஜாக் உள்ளதை வாங்கி, ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பையும் (ப்ரீஆம்புக்குப் பின்னால் பெடல் சேர்க்க உள்ள ஜாக்குகள்) அதோடு கோத்துவிட்டால், கிட்டாரின் சுத்தமான சத்தத்தைக் கேட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் கதவை மூடும். திரெஷோல்டை (எந்த அளவுக்குக் கீழே கதவு மூட வேண்டும் என்ற குமிழ்) பூஜ்யத்திலிருந்து தொடங்கி, கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு துளி போனாலும் நீண்ட சுரம் நடுவிலேயே அறுந்துவிடும்.

வீட்டில் அபாரமாக இருக்கிறது, பேண்டோடு வாசித்தால் என் கிட்டாரே கேட்கவில்லை

மிட் குமிழைப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கும்! பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைத் தோண்டி எடுத்த அந்தத் தொனி, தனியாகக் கேட்கும்போது பயங்கரமாக இருக்கும். பேண்டில் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், சிம்பல்கள் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கிட்டாருக்கென்று மிச்சம் இருப்பது 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையான நடுப்பகுதிதான். அதை நீங்களே தோண்டி எறிந்துவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கும்?

இதில் காதின் வேலையும் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸைக் குறைத்தே கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். படுக்கையறையில் மெதுவாக வைத்துக்கொண்டு சரிசெய்யும்போது கை தானாக பேஸை ஏற்றிவிடும். அதே நிலையில் ஜாம் ரூமில் வால்யூமை ஏற்றினால் அத்தனை பேஸும் புதுசாக வந்து குவியும். ஆகவே ஆம்பின் குமிழ்களைப் பேண்ட் வாசிக்கும் வால்யூமில், பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே திருப்புங்கள். பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 5 என்று தொடங்கலாம். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் அந்தத் தொனி அதன் இடத்தில் போய் உட்காரும். இரண்டு கிட்டார் உள்ள பேண்டாக இருந்தால் இருவரும் ஒரே குமிழ் நிலையை வைக்காமல், ஒருவர் மிட்டைக் கொஞ்சம் மேலேயும் மற்றவர் கீழேயும் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதிக வாட் ஆம்ப் வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்கு அது சின்ன ஏற்றம். ஸ்பீக்கரின் அளவுதான் பெரிய வித்தியாசம் காட்டும். 8 அங்குல ஸ்பீக்கரில் பாம் மியூட்டின் அடி நெஞ்சில் விழாது. பின்பக்கம் மூடிய பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் வேண்டும். உங்கள் சின்ன ஆம்பில் வெளி ஸ்பீக்கர் ஜாக் இருந்தால், ஜாம் ரூமில் உள்ள பெரிய கேபினெட்டில் ஓம் அளவு பார்த்து ஒருமுறை சொருகிக் கேளுங்கள். புது ஆம்ப் தேவையா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில், ஹெட்ஃபோனில் கேட்டால் டப்பாவில் தேனீ அடைத்த மாதிரி இருக்கிறது

ஸ்பீக்கர் கேபினெட் விட்டுப்போயிருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் கூர்மையெல்லாம் அங்கேதான் மழுங்குகிறது. பெடலிலிருந்து நேராக இன்டர்ஃபேசுக்கு (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) போனால் அந்த வடிகட்டல் கிடையாது. கேபினெட் சிமுலேஷனைப் போடுங்கள், செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் ஐஆர் கோப்பு (ஸ்பீக்கரின் ஒலிக்குணத்தை அளந்து பதிந்தது) எதையாவது எடுத்து முயன்று பாருங்கள். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் வெட்டுங்கள். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடைவெளி தெரிந்தால் மென்பொருளில் பஃபரை (ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள்.

பாஸ் மெட்டல் ஜோன் பெடலைத் திட்டுபவர்கள் பலருடைய பிரச்சினையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1991இல் வந்த அந்தப் பெடலில் மிட் குமிழ் இரட்டை அடுக்கு. எந்த அதிர்வெண்ணை, எவ்வளவு என்று 200 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தலாம். அதைப் புரிந்துகொள்ளாமல் டிஸ்டார்ஷனையும் ட்ரெபிளையும் முழுக்க ஏற்றினால் தேனீதான் வரும். டிஸ்டார்ஷனைக் கால்வாசியில் வைத்து, மிட் அதிர்வெண்ணை 700 பக்கம் நிறுத்தி, அங்கே கொஞ்சம் ஏற்றுங்கள். அதே கம்பெனியின் எச்எம்-2 பெடலுக்கு நேர்மாறான கதை. 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் குழு எல்லாக் குமிழையும் கடைசிவரை திருப்பி வைத்து, ரம்பம் அறுப்பது போன்ற ஒரு தொனியை எடுத்தது. ஸ்வீடன் டெத் மெட்டலின் அடையாளமே அதுதான். அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றால் வேறு பெடலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கம்பிகள் தனித்தனியாகச் சுருதி சேர்ந்திருக்கின்றன, கார்டு பிடித்தால் அபசுரம்

12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் சுரம்), அங்கேயே அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே. பழைய கம்பியில் இது சரியாகவே வராது, புதுக் கம்பி கட்டிவிட்டுச் செய்யுங்கள். நம் கடலோர ஊர்களின் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள்.

சாடில் சரியாக இருந்தும் முழு மேஜர் கார்டு கலங்கினால், அது கிட்டாரின் குறையல்ல. டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களின் கூட்டலையும் கழித்தலையும் புதுச் சுரங்களாக உண்டாக்குகிறது. ஸட்ஜமும் பஞ்சமமும் 2:3 விகிதம், கழித்தால் 1, அதாவது ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் பவர் கார்டு இரண்டு சுரத்திலேயே அவ்வளவு கனமாக ஒலிக்கிறது. காந்தாரம் சேர்ந்தால் கிட்டாரின் ஃப்ரெட் அமைப்பில் அது தூய விகிதத்திலிருந்து 14 சென்ட் (அரைச்சுருதியில் நூறில் 14 பங்கு) ஏறியிருப்பதால் சத்தம் அலை அலையாக அடித்துக்கொள்ளும். கெயினை இறக்குங்கள், அல்லது காந்தாரத்தை இரண்டாவது கிட்டாருக்குக் கொடுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று சத்தம் மெலிந்து கரகரக்கிறது

ஆக்டிவ் பிக்கப் கிட்டாரா? பின்பக்கம் உள்ள 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். கேபிளைச் சொருகியே வைத்திருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி கரையும்.

எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று, இனி வாங்கத்தான் வேண்டும்

சரி, வாங்கலாம். பணம் அளவாக இருந்தால் முதலில் ஆம்ப், அப்புறம்தான் கிட்டார். பிரிட்ஜ் ஹம்பக்கரும் அசையாத பிரிட்ஜும் 25.5 அங்குல ஸ்கேலும் உள்ள சாதாரண விலைக் கிட்டார், நல்ல செட்டப் செய்தால், நல்ல ஆம்பில் முழு மெட்டல் தொனி தரும். விலையுயர்ந்த கிட்டாரை 8 அங்குல ஸ்பீக்கரில் போட்டால் தராது. பிக்கப் மாற்றுவது கடைசி. வீட்டில் மட்டும் வாசிப்பவர்களுக்கு ஹெட்ஃபோன் ஜாக் உள்ள மாடலிங் ஆம்ப் (பல ஆம்புகளின் தொனியை டிஜிட்டலாகப் போலச் செய்வது) போதும். டியூப் ஆம்ப் எடுத்தால் ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஹெட்டிலிருந்து (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போக வேண்டும், கிட்டார் கேபிள் அல்ல.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் பிக்கையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் குமிழ் நிலையை அப்படியே நம்பாமல் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கிளீனில் தொடங்கி, நீங்கள் அன்றாடம் வாசிக்கும் ரிஃபையே வாசியுங்கள். முடிந்த அளவு வால்யூமை ஏற்றி, பாம் மியூட் அடித்து, சட்டென்று நிறுத்திவிட்டு, மிச்சம் என்ன சத்தம் இருக்கிறது என்று கேளுங்கள்.